பந்து தரையைத் தொடும் இடம்: செங்கல்பட்டுக் கடற்கரையில் பிக்கிள்பால்

இறகுப்பந்து இரட்டையர் களத்தின் நீளம் 44 அடி, அகலம் 20 அடி. பிக்கிள்பால் களமும் அதே 44-க்கு 20. இறகுப்பந்தில் வலையிலிருந்து ஆறரை அடி தள்ளி ஒரு முன்கோடு உண்டு. பிக்கிள்பாலில் அது ஏழு அடியில் இருக்கிறது. வெளிக்கட்டம் ஒன்றே, உள்ளே அரையடிதான் வித்தியாசம். இருந்தும் பல ஆண்டுகள் ஷட்டில் ஆடிப் பழகியவர் பிக்கிள்பால் களத்தில் இறங்கினால் முதல் ஆட்டத்திலேயே புள்ளிகளைப் பறிகொடுக்கிறார். வலையருகே பாய்ந்து அடிக்கிறார், தவறு என்கிறார்கள். சர்வ் போட்டதும் முன்னால் ஓடி, திரும்பி வரும் பந்தை அந்தரத்திலேயே அடிக்கிறார். அதுவும் தவறு என்கிறார்கள். கை பழகிய கட்டத்துக்குள்ளேயே கால் தடுமாறுகிறது.

இந்தத் தடுமாற்றத்தின் காரணத்தைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். பிக்கிள்பாலை 'சின்ன டென்னிஸ்' என்றும், 'தரையில் ஆடும் டேபிள் டென்னிஸ்' என்றும் சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. அப்படிச் சொன்னால் ஆட்டத்தின் உள்ளமைப்பு பிடிபடாது. என் வாதம் இது: பிக்கிள்பாலைப் பிற மட்டை ஆட்டங்களிலிருந்து பிரிப்பது பந்துக்கும் தரைக்கும் அது வகுத்திருக்கும் உறவு. சர்வ், புள்ளி முறை, யார் ஆடலாம், எங்கே ஆடலாம் என்பவை எல்லாம் அந்த உறவிலிருந்தே கிளைக்கின்றன. செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்த ஆட்டம் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற கேள்விக்கும் விடை அங்கேயே இருக்கிறது.

தரையோடு மூன்று உறவுகள்

மட்டை ஆட்டங்களை நரம்பு கட்டிய மட்டை, கட்டை மட்டை என்று பிரிக்கலாம். திறந்தவெளி, உள்ளரங்கம் என்றும் பிரிக்கலாம். பந்து தரையைத் தொடலாமா என்று கேட்டுப் பிரித்தால் அவற்றின் இயல்பு இன்னும் தெளிவாகத் தெரியும்.

இறகுப்பந்திலும், கம்பளிப் பந்தில் ஆடும் பூப்பந்திலும் தரை என்பது முடிவு. பந்து கீழே விழுந்த கணத்தில் புள்ளி தீர்ந்தது. ஆட்டம் முழுவதும் அந்தரத்தில் நடக்கிறது. மேசைப்பந்தில் இதற்கு நேர் எதிர். எதிராளி அனுப்பும் ஒவ்வொரு பந்தும் நம் பக்கத்து மேசையில் ஒரு முறை குத்தி எழுந்த பிறகே அடிக்க வேண்டும்; அதற்கு முன் அடித்தால் புள்ளி போயிற்று. டென்னிஸ், சுவர்ப்பந்து, பேடல் ஆகியவற்றில் தெரிவு ஆட்டக்காரருடையது. அந்தரத்தில் அடிக்கலாம், ஒரு முறை குத்தவிட்டும் அடிக்கலாம். டென்னிஸில் சர்வை மட்டும் குத்தவிட்டே எடுக்க வேண்டும்.

பிக்கிள்பாலில் இந்த மூன்று உறவுகளும் ஒரே களத்தில் இருக்கின்றன. சர்வ் எதிர்ப்பக்கத்தில் ஒரு முறை குத்த வேண்டும். அதைத் திருப்பி அடிக்கும் பந்தும் சர்வ் போட்ட பக்கத்தில் ஒரு முறை குத்த வேண்டும். இந்த இரண்டு குத்துகள் கட்டாயம். மூன்றாவது அடியிலிருந்து விருப்பம் போல் ஆடலாம். ஆனால் வலையின் இருபுறமும் ஏழு அடி வரை உள்ள பட்டைக்குள் நின்று அந்தரத்தில் அடிக்கக் கூடாது. ஆட்டக்காரர்கள் இந்தப் பட்டையைக் கிச்சன் என்கிறார்கள். அதற்குள் விழுந்து எழும் பந்தை உள்ளே போய் அடிக்கலாம். வெளியே நின்று அந்தரத்தில் அடித்துவிட்டு, அடித்த வேகத்தில் கால் கோட்டை மிதித்தாலும் புள்ளி போகும். கட்டாயம், விருப்பம், தடை ஆகிய மூன்றையும் 880 சதுர அடிக்குள் பங்கிட்டு வைத்திருப்பதுதான் இந்த ஆட்டத்தின் தனித்தன்மை.

தாழ்ந்த வலையும் ஏழடி வேலியும்

இந்த அமைப்பு ஒரே நாளில் தீட்டிய திட்டமாக வரவில்லை. 1965 கோடையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பெயின்பிரிட்ஜ் தீவில் ஜோயல் பிரிட்சர்ட், பில் பெல் என்ற இரு நண்பர்கள் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்குக்காகப் பழைய இறகுப்பந்துக் களம் ஒன்றில் கையில் கிடைத்த மேசைப்பந்து மட்டைகளையும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தையும் வைத்து ஆடத் தொடங்கினார்கள். பார்னி மெக்கல்லம் அவர்களோடு சேர்ந்து விதிகளையும் மட்டையையும் செப்பனிட்டார். வலை முதலில் இறகுப்பந்து உயரத்தில், அதாவது ஐந்து அடியில் இருந்தது. பந்து தரையில் நன்றாகக் குத்தி எழுவதைக் கண்டு அதை மூன்று அடிக்கு இறக்கினார்கள். இன்று ஓரங்களில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம் என்பது விதி.

வலையை இறக்கியதும் ஒரு சிக்கல் எழுந்தது. ஐந்து அடி வலையின் மேலிருந்து கீழ்நோக்கி அடிக்கத் துள்ளலும் கைநீளமும் வேண்டும். மூன்று அடி வலைக்கு அவை வேண்டாம். உயரமான ஒருவர் வலையை ஒட்டி நின்றுகொண்டால், வரும் பந்தையெல்லாம் கீழே அறைந்துவிடலாம். இரண்டு மூன்று அடிகளில் ஒவ்வொரு புள்ளியும் முடிந்துபோகும். ஏழடி வேலி அந்த ஆதாயத்தைப் பறிக்கிறது. கோட்டுக்கு வெளியே நிற்பவரின் காலடியில், கிச்சனுக்குள் மெதுவாக விழும் பந்து வலையின் உயரத்துக்குக் கீழே இருக்கும். அதை மேல்நோக்கித்தான் எடுக்க முடியும். சற்றே உயர எடுத்தால் எதிராளி அறைவார். தாழ எடுத்தால் வலையில் மாட்டும். ஆகவே நால்வரும் இரு கோடுகளின் ஓரத்தில் எதிரெதிராக நின்று, பந்தை வலைக்கு மேலே மெல்ல ஏற்றி மறுபக்கக் கிச்சனுக்குள் இறக்கிக்கொண்டே இருக்கிறார்கள். டிங்க் எனப்படும் இந்த அடியே ஆட்டத்தின் நடுநாயகம். யார் பொறுமை இழந்து பந்தைக் கையளவு உயர்த்துகிறார் என்பதற்காக நடக்கும் காத்திருப்பு அது.

பிற ஆட்டங்களோடு ஒப்பிட்டால் இதன் புதுமை விளங்கும். இறகுப்பந்தில் இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி 2023-இல் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் ஷட்டிலை அறைந்து கின்னஸ் சாதனை படைத்தார். டென்னிஸில் ஜான் இஸ்னர் 2016-இல் மணிக்கு 253 கிலோமீட்டர் வேகத்தில் சர்வ் போட்டார். இரண்டு ஆட்டங்களும் உயரத்தையும் தோள்வலிமையையும் கொண்டாடுபவை. பிக்கிள்பாலிலும் அறைதல் உண்டு, வேகமும் உண்டு. ஆனால் அறைவதற்கான வாய்ப்பை எதிராளியின் பிழையிலிருந்து சம்பாதித்துக்கொள்ள வேண்டும். உயரத்தைக் கொண்டே அதை வரவழைத்துக்கொள்ள விதி இடம் கொடுப்பதில்லை.

சர்வ் போடுபவருக்கு ஆதாயம் இல்லை

டென்னிஸில் சர்வ் ஒரு ஆயுதம். தலைக்கு மேலிருந்து இறங்கும் அடி, முதல் முயற்சி தவறினால் இரண்டாவது வாய்ப்பு. உயர்மட்ட ஆட்டங்களில் எதிராளியின் சர்வ் ஆட்டத்தை வெல்வதே தனிச் சாதனையாகப் பேசப்படுகிறது. இறகுப்பந்தில் சர்வ் கீழிருந்து மேலே போகிறது. 2018 முதல் ஷட்டிலை அடிக்கும் உயரம் தரையிலிருந்து 1.15 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அங்கே சர்வ் தற்காப்பு. மேசைப்பந்தில் அது சுழற்சியின் ரகசியம்.

பிக்கிள்பாலில் சர்வ் இடுப்புக்குக் கீழே அடிக்க வேண்டியது. எதிர்மூலைக் கட்டத்தில், கிச்சன் கோட்டைத் தாண்டி விழ வேண்டும். ஒரே ஒரு வாய்ப்புதான். கையால் பந்தைச் சுழற்றிவிட்டுச் சர்வ் போடும் உத்தி பரவியபோது விதி வகுப்பவர்கள் அதையும் தடைசெய்தார்கள். இதோடு இரண்டு கட்டாயக் குத்துகளைச் சேர்த்துப் பாருங்கள். சர்வை வாங்கி அடிப்பவர் அடித்ததும் நேராக முன்கோட்டுக்கு ஓடிவிடலாம். அவருடைய இணை ஏற்கெனவே அங்கே நிற்கிறார். சர்வ் போட்ட அணியோ, திரும்பி வரும் பந்து குத்தி எழும் வரை பின்னாலேயே காத்திருக்க வேண்டும். முன்கோட்டை முதலில் பிடிப்பது எப்போதும் எதிரணிதான். அதனால் சர்வ் போட்ட அணியின் மூன்றாவது அடிக்குத் தனி மதிப்பு உண்டு. பின்கோட்டிலிருந்து பந்தை மெல்ல உயர்த்தி எதிர்க் கிச்சனுக்குள் இறக்கி, அது கீழே இறங்குவதற்குள் தாங்கள் முன்னேறிவிட வேண்டும். ஆட்டத்தில் கற்க மிகக் கடினமான அடி இதுவே.

வழக்கமான புள்ளி முறையில் சர்வ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி. 11 புள்ளி, இரண்டு வித்தியாசத்தில் வெற்றி. அதாவது, புள்ளி பெறும் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவருக்கே நிலை கடினம். டென்னிஸ் பலத்தின் மேல் பலத்தை அடுக்குகிறது. பிக்கிள்பால் உரிமையின் மேல் பாரத்தை வைக்கிறது. இறகுப்பந்திலும் 2006 வரை சர்வ் போடுபவருக்கே புள்ளி என்ற முறை இருந்தது. அதன் பிறகே ஒவ்வொரு மோதலுக்கும் புள்ளி தரும் 21 புள்ளி முறை வந்தது. பிக்கிள்பாலிலும் அந்த மாற்றத்தைச் சில போட்டித் தொடர்கள் பரிசோதித்து வருகின்றன. மாறினால் ஆட்டநேரம் சுருங்கும்; மேலே சொன்ன சமநிலையும் மாறும்.

கடற்காற்றில் நான்கு பந்துகள்

இனி இந்த மாவட்டத்தின் காற்றுக்கு வருவோம். செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து உருவானது. கானத்தூர், முட்டுக்காடு, கோவளம், திருவிடந்தை, நெம்மேலி, மாமல்லபுரம், கல்பாக்கம், கூவத்தூர் என்று அதன் கிழக்கு விளிம்பு முழுவதும் கடல். இங்கே திறந்தவெளியில் எந்தப் பந்தை அடித்தாலும் மூன்றாவது ஆட்டக்காரராகக் காற்று நிற்கும்.

பந்து காற்றில் எவ்வளவு அலையும் என்பதை அறிய ஒரு எளிய கணக்கு இருக்கிறது. பந்தின் எடையை, அது காற்றுக்குக் காட்டும் முகத்தின் பரப்பால் வகுக்க வேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் என்று வரும். எண் சிறியதானால் காற்று அதை எளிதில் தடுத்து நிறுத்தும், திசைதிருப்பும். விதிநூல்கள் தரும் எடை, விட்ட வரம்புகளின் நடுமதிப்பை எடுத்துக்கொண்டு கணக்கிட்டேன். சுமார் 5 கிராம் எடையுள்ள ஷட்டிலின் இறகுவிளிம்பு 6 சென்டிமீட்டருக்கு மேல் அகலம், அதற்கு 0.16 கிராம். 22 முதல் 26.5 கிராம் வரை எடையும் ஏறத்தாழ 7.4 சென்டிமீட்டர் விட்டமும் கொண்ட பிக்கிள்பால் பந்துக்கு 0.56. 27 முதல் 30 கிராம் வரை எடையும் 5 முதல் 5.5 சென்டிமீட்டர் வரை விட்டமும் கொண்ட பூப்பந்துக் கம்பளிப் பந்துக்கு 1.3. டென்னிஸ் பந்துக்கு 1.6.

இந்த நான்கு எண்களும் பல விஷயங்களை விளக்குகின்றன. பிக்கிள்பால் பந்து டென்னிஸ் பந்தைவிடப் பெரியது, எடையிலோ பாதிகூட இல்லை. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் சில அடிகளிலேயே வேகம் குறைந்துவிடுகிறது. எதிரே நிற்பவருக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது. ஆட்டம் எளிதில் பிடிபடுவதற்குப் பந்தின் இந்தக் குறையே பாதிக் காரணம். ஷட்டிலைப் போலக் கடற்காற்றில் அது முற்றிலும் நிலைகுலைவதும் இல்லை. திறந்தவெளிக்கென்று நாற்பது சிறு துளைகளுடன் சற்றுக் கடினமான பந்தும், உள்ளரங்கத்துக்கென்று இருபத்தாறு பெரிய துளைகள் கொண்ட பந்தும் பழக்கத்தில் இருப்பது காற்றின் இந்தத் தாக்கத்தினால்தான். உலக இறகுப்பந்துக் கூட்டமைப்பும் இதே சிக்கலுக்காக 2019-இல் ஏர்பேட்மிண்டன் என்ற திறந்தவெளி ஆட்டத்தை அறிமுகப்படுத்தியது. வலையருகே இரண்டு மீட்டர் பட்டையில் விழும் ஷட்டில் அங்கே கணக்கில் சேராது. மெல்லிய வலையோர அடியைக் காற்று கெடுத்துவிடும் என்பது அதன் காரணம். பிக்கிள்பால் ஏழடிப் பட்டையை மெல்லிய அடிக்காகவே ஒதுக்கிவைத்திருக்கிறது. ஒரே சிக்கலுக்கு இரு ஆட்டங்களும் எதிரெதிரான தீர்வுகளைக் கண்டிருக்கின்றன.

களத்தின் திசையும் இங்கே முக்கியம். காலை மாலை வெயில் கண்ணில் படாமலிருக்கக் களத்தை வடக்கு தெற்காக அமைப்பது பொது வழக்கம். இந்தக் கடற்கரையும் ஏறக்குறைய வடக்கு தெற்காகவே ஓடுகிறது. ஆகவே கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று களத்தைக் குறுக்காக அறுக்கிறது. 20 அடி அகலமே உள்ள களத்தில் குறுக்குக் காற்று என்றால் ஓரக்கோட்டை நம்பி அடிக்க முடியாது. கோடையில் முற்பகலுக்கு மேல் கடற்காற்று எழும். அதற்கு முந்தைய காலை வேளையும், காற்று தணியும் இரவுமே நீண்ட அடிகளுக்கு ஏற்றவை. நடுவில் ஆடுகிறவர்களுக்குத் தாழ்ந்த, குட்டையான டிங்க் ஆட்டமே துணை. காற்றில் குறைவான நேரம் இருக்கும் பந்து குறைவாகவே விலகும்.

முக்கால் கிரவுண்டு நிலம்

இந்த ஆட்டம் ஈ.சி.ஆர். ஓரத்திலும் ஓ.எம்.ஆர். ஓரத்திலும் கடந்த சில ஆண்டுகளில் வேகமாகப் பரவியதற்கு நிலக்கணக்கு ஒரு பெருங்காரணம். ஓடியாடும் இடத்தையும் சேர்த்து ஒரு பிக்கிள்பால் களத்துக்குக் குறைந்தது 30-க்கு 60 அடி வேண்டும். அது 1,800 சதுர அடி, நம் அளவில் முக்கால் கிரவுண்டு. டென்னிஸுக்கு வழக்கமாக விடும் 60-க்கு 120 அடி இடம் மூன்று கிரவுண்டு; அதில் நான்கு பிக்கிள்பால் களங்கள் அமைந்துவிடும். நால்வர் ஆடும் இடத்தில் பதினாறு பேர் ஆடலாம். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப் உரிமையாளருக்கும், அடுக்குமாடி வளாகத்தின் நலச்சங்கத்துக்கும் இந்தக் கணக்கு உடனே புரிகிறது. சுவர்ப்பந்துக்கு நாற்புறமும் சுவர் வேண்டும், பேடலுக்குக் கண்ணாடிக் கூண்டு வேண்டும்; இதற்கோ ஒரு தளம், ஒரு வலை, நான்கு விளக்குகள் போதும்.

அமைப்பு ரீதியான வளர்ச்சியும் சேர்ந்தே வந்தது. சுனில் வாலாவல்கர் இந்த ஆட்டத்தை மும்பைக்குக் கொண்டுவந்தார்; 2008-இல் அகில இந்திய பிக்கிள்பால் சங்கம் உருவானது. 2025 தொடக்கத்தில் மும்பையில் நடந்த உலக பிக்கிள்பால் லீகில் சென்னையின் பெயரில் நடிகை சமந்தாவின் அணி ஆடியது. அதே ஆண்டு ஒன்றிய விளையாட்டு அமைச்சகம் இந்தியப் பிக்கிள்பால் சங்கத்தைத் தேசியக் கூட்டமைப்பாக ஏற்றது. பணமும் புகழும் அங்கீகாரமும் வந்துவிட்டன. ஆனால் தளம் யாருடையது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

கம்பளிப் பந்து கண்ட விடை

அந்தக் கேள்விக்குள் நுழைய நம் பூப்பந்து வழிகாட்டுகிறது. தஞ்சை அரச குடும்பத்தார் 1850களிலேயே ஆடிய ஆட்டம் இது. இறகைக் காற்று அலைக்கழித்தது. கம்பளி உருண்டை காற்றைத் தாங்கியது. மேலே கண்ட 1.3 என்ற எண் அந்தத் தேர்வின் நியாயத்தைச் சொல்கிறது: கடற்காற்றை எதிர்த்துப் போவதில் பிக்கிள்பால் பந்தைவிடக் கம்பளிப் பந்து இரு மடங்குக்கு மேல் வலுவானது. 1954-இல் தேசியக் கூட்டமைப்பு அமைந்தது. 24 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் கொண்ட களத்தில் பக்கத்துக்கு ஐவராக ஆடுகிறார்கள். வலை ஏறக்குறைய ஆறடி உயரம். தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் ஊர் மைதானங்களிலும் தலைமுறைகளாக நிலைத்திருக்கும் ஆட்டம்.

அது நிலைத்ததற்குக் காற்றைப் போலவே தரையும் காரணம். கம்பளிப் பந்து தரையைத் தொட்டால் புள்ளி முடிந்துவிடுவதால், தரை எப்படி இருந்தாலும் ஆட்டத்துக்குக் கேடில்லை. செம்மண்ணோ வண்டலோ, சமமாக இருந்து கால் வழுக்காவிட்டால் போதும். சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டு இரண்டு கம்பம் நட்டால் களம் தயார். ஊர்த் தெருவில் இரவு விளக்கின் கீழ் இளைஞர்கள் ஆடும் ஷட்டிலுக்கும் இதே சுதந்திரம் உண்டு.

பிக்கிள்பாலுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. சர்வ் குத்த வேண்டும், பதில் அடி குத்த வேண்டும், கிச்சனுக்குள் விழும் பந்து குத்தி எழ வேண்டும். லேசான பிளாஸ்டிக் பந்து மண்ணில் எழாது; கோவளத்து மணலில் விழுந்த இடத்திலேயே தங்கிவிடும். கெட்டியான, சமமான சிமெண்டுத் தளமோ அதற்கு மேல் வண்ணப்பூச்சோ இல்லாமல் விதிகளே செயல்படுவதில்லை. டென்னிஸ், இறகுப்பந்து, மேசைப்பந்து ஆகிய மூன்றிலிருந்தும் இந்த ஆட்டத்தைத் தனியே பிரித்த அதே தரை உறவு, அதை மதுராந்தகத்து ஊர் மைதானத்திலிருந்தும் செய்யூர் மீனவக் குப்பத்திலிருந்தும் தள்ளி நிறுத்துகிறது. மட்டையின் விலை ஒரு தடை என்பது உண்மைதான். மரத்தில் செய்த எளிய மட்டையிலும் ஆடலாம். தொடக்க காலத்தில் அப்படித்தான் ஆடினார்கள். விமான நிறுவனப் பொறியாளரான ஆர்லன் பரான்டோ தேன்கூட்டு அமைப்பில் இலகுவான கலப்புப்பொருள் மட்டையைச் செய்ததே 1984-இல்தான். மட்டையை உள்ளூரில் செய்துகொள்ளலாம். தளத்தை அப்படி ஊரார் கைகளால் மட்டும் உண்டாக்கிவிட முடியாது.

எந்த உடலுக்கான ஆட்டம்

தளத்தைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு பேசுவதற்குக் காரணம், இந்த ஆட்டம் யாரை உள்ளே அழைக்கிறது என்பதில் இருக்கிறது. இரட்டையர் டென்னிஸில் ஒருவருக்கு ஏறத்தாழ 65 சதுர மீட்டர் பொறுப்பு. பிக்கிள்பாலில் 20 சதுர மீட்டர். தலைக்கு மேல் கையைச் சுழற்றும் சர்வ் இல்லை. உயரம் ஆதாயத்தைப் பெருமளவு இழக்கிறது. அறுபது வயது அம்மாவும் இருபது வயது மகனும் ஒரே களத்தில் எதிரெதிராக நின்று மெய்யான போட்டி ஆட முடிகிற மட்டை ஆட்டங்கள் வெகு சில. படிப்பு முடிந்ததும் மைதானத்தை விட்டு விலகிவிடும் நம் பெண்களுக்கு, மறுபடி நுழைய ஏற்ற வாசல் இது.

மாற்றுத்திறனாளிகளுக்கான விதிகளும் தரையிலிருந்தே வருகின்றன. சக்கர நாற்காலியில் ஆடுபவர் பந்தை இரண்டு முறை குத்தவிடலாம். நாற்காலியின் முன்பக்கச் சிறு சக்கரங்கள் கிச்சனைத் தொட்டாலும் தவறில்லை. நின்று ஆடுபவரோடு அவர் ஒரே களத்தில் இணையாக ஆடலாம். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த துளசிமதி முருகேசன் இறகுப்பந்தில் வெள்ளி வென்றார். மனிஷா ராமதாஸும் நித்யஸ்ரீ சிவனும் வெண்கலம் வென்றார்கள். வாய்ப்புக் கிடைத்தால் இந்த மண்ணின் மாற்றுத்திறனாளிப் பெண்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எளிய ஆட்டம் என்பதால் ஆபத்தில்லாத ஆட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு இந்த ஆட்டத்தால் காயம்பட்டு வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐம்பது வயதைக் கடந்தவர்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விழுதலும் சுளுக்கும் எலும்பு முறிவும் முதன்மைக் காரணங்கள். தலைக்கு மேல் போகும் பந்தைப் பார்த்தபடி பின்னோக்கி ஓடுவதே மிக ஆபத்தான அசைவு. இரவுப் பனியிலும் மழையிலும் ஈரம் படியும் கடற்கரைத் தளங்களில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். கெட்டி மட்டையில் கெட்டிப் பந்து மோதும் ஓசை டென்னிஸின் நரம்போசையைவிடக் கூர்மையானது. வீடுகளை ஒட்டிக் களம் அமைப்பவர்கள் அதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பொதுத் தளம்

வெளியிலிருந்து வரும் போட்டிகளும் ஆட்டங்களும் இந்தக் கடற்கரைக்குப் புதியவை அல்ல. 2022-இல் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 2025-இல் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. அலைச்சறுக்கு வெளியிலிருந்து வந்த ஆட்டம்தான்; கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவர் பிள்ளைகள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். அது நடந்ததற்கு அடிப்படை, கடல் பொதுவாக இருந்தது. அலைக்கு மணிக்கட்டணம் கிடையாது, வாயிற்காவலர் கிடையாது. பிக்கிள்பாலுக்கும் அப்படி ஒரு பொதுத் தளம் வேண்டும்.

செங்கல்பட்டில் அதற்கான முதல் இருப்பு ஏற்கெனவே இருக்கிறது. சிமெண்டுத் தளத்தில் ஷட்டில் கோடு போட்டிருக்கும் ஒவ்வொரு பள்ளியும் கல்லூரியும் குடியிருப்பும் ஒரு பிக்கிள்பால் களத்தை வைத்திருக்கிறது. வெளிக்கோடுகள் அதே 44-க்கு 20. முன்கோட்டுக்கு ஆறு அங்குலம் தள்ளி வேறு நிறத்தில் ஒரு கோடு, வலையை இறக்க ஒரு கொக்கி: இவைதான் கூடுதல் செலவு. ஊர்களில் நெல் உலர்த்தும் சிமெண்டுக் களங்கள் அறுவடை இல்லாத மாதங்களில் காலியாக இருக்கின்றன. அளவும் சமமும் சரியாக உள்ள இடங்களில் அவற்றிலும் ஆடலாம். கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டத்தில் ஊராட்சிகளுக்கு மட்டையும் பந்தும் கொடுத்துப் பழகிய அரசுக்கு இன்னும் நான்கு மட்டைகளைச் சேர்ப்பது பெரிய காரியமல்ல. மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கடற்காற்றுக்கேற்ற களத்திசை, தளப்பூச்சு, முதியோருக்கான பயிற்சிமுறை ஆகியவற்றை இந்த மாவட்டத்திலேயே ஆராய்ந்து சொல்ல அதைவிடத் தகுந்த இடம் கிடையாது.

இதனால் பூப்பந்தைக் கைவிட வேண்டும் என்று பொருளல்ல. மண் மைதானம் இருக்கும் ஊரில் பூப்பந்துதான் நல்ல ஆட்டம். காற்றையும் தரையையும் அது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே கணக்கில் எடுத்துக்கொண்டது. கெட்டித் தளம் இருக்கும் இடத்தில் பிக்கிள்பாலைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்று ஐவர் அணியையும் துள்ளும் உடலையும் கேட்கிறது. மற்றொன்று இருவரையும் பொறுமையையும் கேட்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஓர் ஊரில் எட்டு வயது முதல் எண்பது வயது வரை யாரும் மைதானத்துக்கு வெளியே நிற்க வேண்டியிருக்காது.

பிக்கிள்பாலின் விதிகள் உயரத்தின், வலிமையின் ஆதாயத்தை வேலிபோட்டு நிறுத்தி, வலிமை குறைந்தவருக்கும் களத்தில் சம இடம் கொடுத்தன. அந்த விதியை வகுத்தவர்களின் நோக்கம் நிறைவேற வேண்டுமானால் களத்துக்குள் இருக்கும் அந்தச் சமத்துவம் களத்தின் வாசலிலும் இருக்க வேண்டும். முக்கால் கிரவுண்டு பொதுத் தளமும் ஆறு அங்குலம் தள்ளி ஒரு கோடும் அதற்குப் போதும். இந்த மாவட்டத்தின் ஊராட்சிகளும் பள்ளிகளும் அதை இந்த ஆண்டே செய்யலாம்.